இணையப் பக்கத்தை வாசித்துக் காட்டுவது யார்?

பக்கத்தைத் திறந்தால் கணினியே அதை வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கு எந்த நீட்சி நல்லது என்ற கேள்வி இப்போது வாழைச்சேனையிலும் அடிக்கடி கேட்கிறது. கண்ணாடியை மாற்றிய பிறகும் சின்ன எழுத்து கலங்கித் தெரிகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்கிறார். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டே செய்தி கேட்க விரும்பும் கடற்றொழிலாளி கேட்கிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்காகக் கேட்கிற அம்மம்மாவும் உண்டு. பிள்ளைக்குத் தமிழ் கதைத்தால் விளங்கும், எழுத்துத்தான் பிடிபடாது. கடதாசி ஆலையால் பெயரெடுத்த ஊரில் கடதாசியைத் தொடாமல் வாசிக்கும் வழியைத் தேடுகிறோம் என்பதும் ஒரு வேடிக்கைதான்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போடாதவரை எந்தப் பெயரும் உதவாது. தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையப் பக்கங்களைத் திறக்கப் பாவிக்கிற மென்பொருள் உலாவி. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ், சபாரி எல்லாம் உலாவிகள். அந்த உலாவிக்கு ஒரு புதிய வேலையைச் சொல்லிக்கொடுக்க அதன்மேல் நாம் பூட்டுகிற சின்ன மென்பொருள்தான் நீட்சி. விளம்பரத்தை மறைக்க ஒன்று, கடவுச்சொல்லை நினைவில் வைக்க ஒன்று, பக்கத்தை வாசிக்க ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ‘ரீட் அலௌட்’, ‘நேச்சுரல் ரீடர்’, ‘ஸ்பீச்சிஃபை’ ஆகியவை வாசிக்கிற வகையில் பெயர்பெற்றவை.

இனி அந்தப் பிழையான எண்ணம். நீட்சிதான் பேசுகிறது என்று கிட்டத்தட்ட எல்லோருமே நினைக்கிறோம். ஒன்றைப் பூட்டுகிறோம், தமிழ்ப் பக்கத்தில் வாயே திறக்கவில்லை. சரியில்லை என்று கழற்றிவிட்டு இரண்டாவதைப் பூட்டுகிறோம், அதுவும் ஊமை. மூன்றாவது, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் பொறுக்கி வாசிக்கிறது. கடைசியில், தமிழுக்கு இதெல்லாம் இன்னும் வரவில்லை என்று முடிவுகட்டி மூடிவிடுகிறோம். வந்து பல வருடமாகிவிட்டது. நாம் தட்டிய கதவுதான் வேறு.

நம் ஊர்களில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று தெருத் தெருவாகப் போய் அறிவித்தல் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மரண அறிவித்தல், பொதுக்கூட்டம், கடைத் திறப்பு, எதுவாக இருந்தாலும் அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறார். மற்றவர் ஒலிவாங்கியைப் பிடித்து அதை வாசிக்கிறார். தெருவில் நிற்கும் நமக்குக் கேட்பது இரண்டாமவரின் குரல் மட்டும். நீட்சி முதலாமவர். பக்கத்திலுள்ள எழுத்தை எடுத்து, ஒழுங்குபடுத்தி, துண்டாக்கி நீட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. வாசிக்கிறவர் வேறெங்கோ இருக்கிறார். துண்டு எழுதுகிறவரை எத்தனை தரம் மாற்றினாலும், வாசிக்கிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெருவில் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

வாசிக்கிறவர் எங்கே இருக்கிறார்? இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, உங்கள் கணினிக்குள் அல்லது கைபேசிக்குள்ளேயே. விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிள் கருவிகளில் ‘வாணி’ இருக்கிறாள். அன்ட்ரொயிட் கைபேசிகளில் கூகுளின் பேச்சுச் சேவை தமிழுக்கும் குரல் தருகிறது. மற்றது, இணையத்துக்கு அப்பால், ஏதோவொரு நிறுவனத்தின் பெரிய கணினிகளில். உங்கள் பக்கத்து எழுத்து அங்கே போய், ஒலியாகித் திரும்பி வருகிறது. இயல்பான மனிதக் குரல் மாதிரி இருக்கிறதே என்று நாம் வியக்கிற குரல்களில் பெரும்பாலானவை இப்படித் தூரத்திலிருந்து வருகிறவை.

நீட்சி திறந்தவுடன் செய்கிற முதல் வேலை, “உன்னிடம் என்னென்ன குரல் இருக்கிறது?” என்று உலாவியைக் கேட்பது. உலாவி ஒரு பட்டியலைக் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் உலாவிக்கு உலாவி வேறு, கணினிக்குக் கணினி வேறு. கணினியில் பாவிக்கும் குரோமோடு கூகுள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் குரல்களில் இந்தி உண்டு, தமிழைக் காணோம். அதே கணினியில் எட்ஜைத் திறந்தால் நிலைமை தலைகீழ். மைக்ரோசொஃப்ட் அங்கே தமிழுக்கு ஒன்றல்ல, நான்கு நாட்டுக் குரல்களை வைத்திருக்கிறது. இந்தியத் தமிழுக்குப் பல்லவியும் வள்ளுவரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும். இலங்கைக்கு சரண்யாவும் குமாரும். ஒரு தமிழ் நீட்சியைத் தேடி அலைந்தவருக்கு, இலங்கைத் தமிழ் என்றே பெயரிட்ட இரண்டு குரல்கள் ஏற்கெனவே வீட்டுக் கணினியில் எட்டும் தூரத்தில் இருந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்ஜில் அந்தக் குரல்களைக் கேட்க நீட்சியே தேவையில்லை. பக்கத்தைத் திறந்து கொன்ட்ரோல், ஷிஃப்ட், யூ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வாசிப்புத் தொடங்கும். மேலே வரும் பட்டையில் குரலையும் வேகத்தையும் மாற்றலாம். பயர்பொக்ஸிலும் 2016 முதல் வாசிப்புப் பார்வைக்குள் கேட்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது கணினியில் உள்ள குரலையே நம்பியிருக்கிறது. விண்டோஸில் நாம் சேர்த்த குரல் எல்லா உலாவியின் பட்டியலிலும் தானாக வந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்தந்த உலாவியைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

கைபேசிக்கு வருவோம், ஏனென்றால் நம்மில் பலருக்கு இணையம் என்றாலே கைபேசிதான். அன்ட்ரொயிட் கைபேசியின் குரோமில் நீட்சிகளைப் பூட்டவே முடியாது. இது தெரியாமல் கடையில் கொடுத்துப் ‘போட்டுத் தரச்’ சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நமக்குத் தேவை கைபேசியின் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கும் ‘செலக்ட் டு ஸ்பீக்’. பேச்சு அமைப்பில் தமிழைத் தெரிவுசெய்து, குரலை ஒருதரம் தரவிறக்கி வைத்துவிட்டால், திரையில் எழுத்தாக இருப்பதை எந்தச் செயலியிலிருந்தும் வாசிக்க வைக்கலாம். ஐபோனில் இதற்கு ‘ஸ்பீக் ஸ்க்ரீன்’. அதை இயக்கிவிட்டு, இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். பார்வை அறவே இல்லாதவருக்கு இவை போதாது. பொத்தான், பெட்டி, பட்டியல் என்று திரையிலுள்ள அனைத்தையும் சொல்லி வழிநடத்தும் திரைவாசிப்பான் அவருக்கு வேண்டும். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006 இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. அப்படிப்பட்டது, விண்டோஸுக்கு இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழையும் வாசிக்கும்.

அந்த ஈஸ்பீக்கை முதல்முறை கேட்பவர் முகம் சுளிப்பார், தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கிறதே என்று. அது மனிதர் பேசிய பதிவிலிருந்து எடுத்த குரல் அல்ல. பெரும்பாலும் ஒலிகளின் அதிர்வுகளைக் கணக்குப் போட்டு உண்டாக்கிய குரல். அடுத்த தலைமுறைக் குரல்கள், ஒருவரை மணிக்கணக்காக வாசிக்க வைத்து, அந்தப் பதிவைச் சின்னச் சின்ன ஒலித்துண்டாக்கி, வேண்டிய வரிசையில் ஒட்டியவை. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் இந்திய மொழிகளுக்குக் குரல் செய்த கூட்டு முயற்சியில் தமிழுக்கான வேலையை எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி செய்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வுகூடம் தமிழ்க் குரலில் நெடுநாள் உழைத்திருக்கிறது. 2016 இல் டீப்மைண்ட் நிறுவனம் வேவ்நெட் என்ற குரல் மாதிரியை வெளியிட்ட பிறகு, பதிவுகளைக் கேட்டுப் பழகி ஒலியலையைத் தானே உண்டாக்கும் முறை பரவியது. சரண்யாவும் குமாரும் இந்தப் பிந்திய வழியில் வந்தவர்கள். ஆனால் தகரக் குரலைக் குறைவாக எடைபோட வேண்டாம். வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் அதன் ஒலிகள் கரையாமல் நிற்கின்றன. பழகிய பார்வையற்ற வாசகர்கள் பலர் அதையே விரும்பிப் பாவிப்பதற்குக் காரணம் அதுதான்.

குரல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் சில பக்கங்கள் வாசிக்காது, அல்லது உளறும். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இலங்கைத் தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஆண்ட எழுத்துரு பாமினி. பாமினியில் தட்டச்சிய ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்குத் தமிழ்தான். கணினிக்கு அது ஆங்கில விசைகள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் உருவம் அதற்குமேல் போர்த்த வெறும் படம். வாசிக்கிறவர் கையில் போகிற துண்டில் படம் போகாது, அடியில் உள்ள எழுத்துத்தான் போகும். அதனால் பழைய வினாத்தாள் ஒன்றைக் கேட்க உட்கார்ந்தால், “ஜே கே பி ஓ” என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுகிற குரல்தான் கேட்கும். குரலும் குற்றவாளி அல்ல, நீட்சியும் அல்ல.

ஒரு ஆவணம் பாமினியா, அல்லது தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யுனிக்கோடா என்று சோதிக்க ஒரு வழி: ஒரு வரியைப் படியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யுனிக்கோட். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பாமினி மாதிரிப் பழைய முறை. குவியல் வந்தாலும் வழி இருக்கிறது. சுரதா மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்றவற்றில் போட்டால் யுனிக்கோடாகிவிடும், பிறகு வாசிக்கக் கேட்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் தர 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் யுனிக்கோடில் கிடைக்கின்றன. பழந்தமிழ் நூல் கேட்க விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

வரியைப் படியெடுக்கவே முடியவில்லை என்றால் அது வருடிய படம். நூலகம் தளத்தில் நம் நாட்டுத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை பக்கங்களை வருடிய படங்கள். அவற்றின் முன் சாதாரண நீட்சி மௌனம்தான், எழுதிக் கொடுக்க அங்கே எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி முதலில் வேலை செய்ய வேண்டும். 1976 இல் ரே கேர்ஸ்வைல் பார்வையற்றோருக்காகச் செய்த வாசிப்பு இயந்திரத்திலும் வருடி, எழுத்துணரி, குரல் என்று மூன்று உறுப்புகள் தனித்தனியாகத்தான் இருந்தன. இன்று கூகுள் டிரைவில் அந்தப் படத்தை ஏற்றி கூகுள் ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்து ஓரளவு நன்றாகவே பிரிந்து வரும். தெளிவில்லாத பழைய அச்சில் பிழைகள் இருக்கும். முக்கியமான பக்கம் என்றால் ஒருதரம் யாராவது கண்ணால் பார்த்துத் திருத்துவது நல்லது.

இவ்வளவும் கடந்த பிறகுதான் நீட்சிகளை ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. துண்டு எழுதுவதில் கெட்டிக்காரர் யார் என்பதே இப்போது கேள்வி. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து ஓடவிடுங்கள். நேரே முதல் வரிக்குப் போகிறதா, அல்லது இடப்பக்கப் பட்டியல் முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் வருகிறதா? அடிக்குறிப்பு எண்களை ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் “ஒன்று”, “இரண்டு” என்று சொல்கிறதா? பிறகு ஒரு நீளமான பந்தியைக் கொடுங்கள். தொலைதூரக் குரலில் நீண்ட துண்டு வாசிக்கும்போது ஏறத்தாழ 15 செக்கனில் அப்படியே நின்றுபோகிற பழைய கோளாறு ஒன்று குரோமில் பேர்போனது. நல்ல நீட்சி பந்தியைச் சின்னத் துண்டுகளாக்கி ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி அதைத் தாண்டிவிடும். துண்டாக்கத் தெரியாதது பாதியில் நின்று நம்மைத் திகைக்க வைக்கும்.

துண்டாக்குவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாம் புள்ளி வைத்துச் சுருக்கும் சொற்கள் அதிகம். க.பொ.த., மு.ப., பி.ப., திரு., ரூ. என்று ஒரு செய்திக்குள் எத்தனை! புள்ளி கண்ட இடமெல்லாம் வசனம் முடிந்தது என்று எண்ணும் நீட்சி, சாதாரணதரப் பரீட்சைச் செய்தியில் மூச்சுக்கு மூச்சு நிற்கும். அறிவித்தலொன்றில் ‘மு.ப. 9.30’ எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அந்த நீட்சியும் குரலும் நம் தமிழோடு எவ்வளவு பழகியவை என்பது உடனே தெரிந்துவிடும்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம். தொலைதூரக் குரல் செக்கனுக்கு 48 கிலோபிட் அளவில் ஒலியை அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிநேரம் கேட்க ஏறத்தாழ 22 மெகாபைட் டேட்டா போகும். காணொளியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. கைபேசிக்குள் தரவிறக்கிய குரலுக்கு அதுவும் இல்லை, இணைப்பு விழுந்தாலும் வாசிப்பு நிற்காது. மாதச் சந்தா கேட்கும் நீட்சிகளைப் பற்றி என் கருத்து இது: அவை காசு வாங்குவது பெரும்பாலும் ஆங்கிலக் குரல்களின் அழகுக்கு. ஸ்பீச்சிஃபை, ஸ்னூப் டொக் போன்ற பிரபலங்களின் குரலையே விற்கிறது. தமிழ் கேட்க விரும்புகிறவர் அதற்கு டொலரில் கட்டுவது வீண்செலவு. தமிழ்ப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்காமல் அட்டை இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

காசைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வாசிக்கும் நீட்சிக்குப் பக்கத்திலுள்ள எழுத்தைப் பார்க்கும் அனுமதி வேண்டும், அது இல்லாமல் வேலை செய்ய முடியாது. பூட்டும்போது உலாவி கேட்கும், “எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்” சம்மதமா என்று. அந்த ‘எல்லாத் தளங்களிலும்’ வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அடங்கும். நல்ல பெயரோடு இருந்த ‘கிரேட் சஸ்பென்டர்’ என்ற நீட்சி 2020 இல் கைமாறியது. புதியவர்கள் அதற்குள் தீங்கான நிரலைப் புகுத்த, 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. அது வாசிக்கும் நீட்சி அல்ல, ஆனால் அனுமதி ஒரே மாதிரியானதே. குரோமிலும் எட்ஜிலும் நீட்சியின் அமைப்புக்குள் போய், நான் சொடுக்கும்போது மட்டும் பக்கத்தைப் பார் என்று கட்டுப்படுத்தலாம். பூட்டியவுடன் அதைச் செய்துவிடுங்கள். தொலைதூரக் குரல் என்றால் எழுத்து வெளியே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வைத்திய அறிக்கையையும் வழக்குக் கடிதத்தையும் கைபேசிக்குள் இருக்கும் குரலில் கேட்பதே புத்தி.

ஆக, வாழைச்சேனையில் ஒருவர் நாளைக் காலையிலேயே தொடங்க நினைத்தால், கணினியில் எட்ஜைத் திறந்து சரண்யாவையோ குமாரையோ ஓடவிடட்டும்; கைபேசியில் ‘செலக்ட் டு ஸ்பீக்’. அதில் ஏதாவது குறை தெரிந்த பிறகு நீட்சி தேடினால் போதும். தேடும்போது ‘ரீட் அலௌட்’ முதலில் பார்க்கத் தக்கது. அது திறந்த மூலம், உலாவியில் உள்ள குரலையே பாவிக்க விடுகிறது.

இதை வாசிக்கிறவர்களில் பாடசாலைக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ சங்கத்துக்கோ கடிதமும் அறிவித்தலும் தட்டச்சிக் கொடுக்கிறவர் இருந்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள். பாமினி விசைப்பலகையில் பழகிய கையை மாற்ற வேண்டியதில்லை. அதே விசை அடுக்கில் யுனிக்கோட் எழுத்தைத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த அறிவித்தலை அதில் தட்டச்சுங்கள். வாசிக்க முடியாதவரும் அதைக் கேட்டுக்கொள்வார்.